பதினோரு பச்சைக் கோடுகள்

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், எங்கள் இலாகாவில் ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது என்பதுதான். என் மனைவி பூங்காவனத்துக்கும் வராது. தேவாரம் பாடுவாள், பூசைக்கு வேண்டிய வார்த்தைகள் தெரியும், மற்றபடி எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சான கிரியோலில்தான். நான் மட்டும் சிறுவயதில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு வாத்தியாரிடம் ஆறு வருடம் அடி வாங்கிப் படித்தேன். அந்த அடி இன்றைக்குத்தான் உபயோகப்படுகிறது. வீட்டில் பேசியதையும் ஆபீசில் பேசியதையும் நம் பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. பெயர் துரைசாமி. ஊர் வக்குவா. எங்கள் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் ஓர் அரசாங்க இலாகாவில் இருபத்துமூன்று வருடமாகக் குமாஸ்தா, அதில் கடைசி நான்கு வருடம் தலைமைக் குமாஸ்தா. இங்கிலீஷ், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் எழுதுவேன். என் கடிதங்களைப் பற்றி மேலதிகாரிகள் நல்லபடியாகச் சொல்வதுண்டு. கையெழுத்துதான் சுமார், அதனால் முக்கியமான கடிதங்களைப் பூங்காவனம் நகல் எடுத்துக் கொடுப்பாள். கோயில் அன்னதானக் குழுவுக்கு நான்தான் செயலாளர். காவடிக்கு முந்நூறு பேருக்குச் சமையல் என்றால் அது எங்கள் குழுவின் பொறுப்பு. அறுபதாம் வருடம் கரோல் புயலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கூரை பறந்தது, எங்கள் வீட்டுத் தகரம் ஒன்றுகூட அசையவில்லை. எப்படி என்று யாராவது கேட்டால் நான் கயிறு கட்டிப் பிடித்த கதையைச் சொல்வேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்வதில்லை, அநேகமாக.

பூங்காவனம் பயந்த சுபாவம். ஒரு பல்லியைப் பார்த்தால் போதும், வீடு அதிரக் கத்துவாள். நான் துடைப்பத்தோடு ஓடவேண்டும். பதினெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அறுபத்தாறாம் வருடம், சுதந்திரம் இன்றைக்கா நாளைக்கா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். வெள்ளைக்காரர்கள் எழுந்து போகும் நாற்காலிகளில் எங்கள் ஆட்களை உட்கார வைக்கவேண்டும். உட்கார வைப்பதற்குமுன், இவர்களுக்குத் தங்கள்மேல் கொஞ்சமாவது மதிப்பு இருக்கிறதா என்று அளந்து பார்க்கவேண்டும் என லண்டனில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. நூற்றுச் சொச்ச வருடம் கரும்பு வெட்ட வைத்தபோது வராத கவலை, கிளம்புகிற நேரத்தில் வந்துவிட்டது. அளப்பதற்கு டாக்டர் விட்காம் என்று ஒருவர் வந்து இறங்கினார். ஊசி போடும் டாக்டர் இல்லை, மனசைப் பற்றிப் படித்த டாக்டர். நல்ல மனிதர். எங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கம்பளிக் கோட்டைத்தான் போட்டுக்கொள்வார்.

அவருடைய முறை சுலபமானது. ஒரு ஆளை உட்கார வைத்து, “உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்” என்று சொல்லவேண்டும். இங்கிலீஷோ பிரெஞ்சோ, அவர்கள் இஷ்டம். எழுதி முடித்த பக்கத்தில் தன்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு. தன்னைத் தாழ்த்திச் சொன்ன இடத்தில் சிவப்புக் கோடு. எல்லோருக்கும் ஐம்பதிலிருந்து ஆரம்பம். நீலத்துக்கு இரண்டு கூட்டு, சிவப்புக்கு இரண்டு கழி. வருவதுதான் அந்த ஆளின் சுயமதிப்பு. இன்னொரு பென்சிலும் உண்டு, பச்சை. நம்ப முடியாத தற்பெருமை என்று பட்டால், நீலக் கோட்டின்மேல் பச்சைக் கோடு போட்டு ‘மிகை’ என்று எழுதவேண்டும். அந்த நீலம் செல்லாது. எது மிகை என்பதைக் கணக்கிடுபவர் தன் அனுபவத்தைக்கொண்டு தீர்மானிக்கலாம்.

முதலில் ஆபீசில் எங்களில் நாலைந்து பேரை வைத்துப் பரீட்சை செய்து பார்த்தார். எனக்குத் தொண்ணூற்று நான்கு வந்தது. பச்சை ஒன்றுகூட இல்லை. அடக்கமான ஆளுக்கு இவ்வளவு வருமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தத் தீவை உள்ளிருந்து தெரிந்த நீங்களே கணக்கிடுபவராக இருங்கள் என்று மூன்று பென்சில்களையும் கொடுத்துவிட்டார்.

அளக்கவேண்டியது பெண்களை. கிராமங்களில் புதிதாகத் திறக்கவிருந்த எட்டு மாதர் நிலையங்களுக்கு எட்டுத் தலைவிகள் வேண்டும். அறுபத்துமூன்று பேர் மனுப் போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பூங்காவனம். அதை அவள் என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே.

“மாதர் நிலையத்துக்கு நானும் எழுதிப் போட்டிருக்கேன்.”

“நீயா?”

“நான்தான். ரெண்டு பொண்ணும் வளந்தாச்சு. இந்த வேலை எனக்கு வேணும்.”

‘வேணும்’ என்று அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்சம் திகைத்துப்போனேன்.

“அங்க உன்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதச் சொல்வாங்க. என்னத்தை எழுதுவே? நான் எழுதித் தரேன், மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போ.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “வேண்டாம். என்னைப் பத்தி எனக்கே கொஞ்சம் தெரியும்.”

சொந்தக்காரர் யாராவது மனுப் போட்டிருக்கிறார்களா என்று டாக்டர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் இலாகாவில் இல்லை.

போ பசான் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பரீட்சை நடந்தது. எங்கள் டைப்பிஸ்ட் மார்லென் அதே ஊர்க்காரி. மேற்பார்வைக்கு அவளே போனாள். எழுதிய தாள்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலை டாக்டர் உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார். கையெழுத்தைக் கண்டு யாரும் சலுகை காட்டக்கூடாதென்று, மார்லென் அறுபத்துமூன்று பக்கங்களையும் டைப் அடித்து என்னிடம் கொடுத்தாள். ஆக, எல்லாப் பக்கங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “என்ன எழுதினே?”

“உள்ளதை எழுதினேன்” என்றாள்.

கணக்கு ஆரம்பித்தது. முதல் நாளே சிவப்புப் பென்சில் பாதி தேய்ந்துவிட்டது. அரசாங்கத்துக்கு எழுதுகிற காகிதத்தில் நம் ஜனங்கள் நிமிர்ந்து நின்று எழுதியதே இல்லை. ‘அடியாள் மிகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று ஆரம்பித்து, ‘தங்கள் பாதத்தூளி’ என்று முடிப்பதுதான் பாட்டன் காலத்திலிருந்து வந்த மனு எழுதும் முறை. ஒரு பெண் தன்னைப் பற்றி எழுதச் சொன்ன பக்கத்தில் கவர்னருக்கு நீண்ட ஆயுள் வேண்டியிருந்தாள். இதெல்லாம் மரியாதை, மனசில் இருப்பது வேறு என்று டாக்டரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு எட்டிப் பார்த்தேன். ‘கணக்கிடுபவர் தம் மக்களுக்காகப் பரிந்து பேசுகிறார்’ என்று எழுதியிருந்தார்.

முப்பத்தொன்றாம் எண் வந்தது ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. பிரெஞ்சில் இருந்தது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘நான் என் பிள்ளைகளின் அப்பாவுக்கு மனைவி. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த கொஞ்சமும் அவர் சொல்லிக் கொடுத்தது. அவர் அரசாங்க உத்தியோகஸ்தர். மூன்று மொழிகள் அறிந்தவர். நேர்மைக்குப் பெயர் போனவர். மேலதிகாரிகள் அவரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாது…’

முழுப் பக்கமும் இதேதான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். மூன்று மொழிகள், சரி. நேர்மை, சரி. மேலதிகாரிகள், சரி. போதாக்குறைக்கு ‘பிள்ளைகளின் அப்பா’. எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். தமிழ் வாயைவிட்டுப் போய்விட்டது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கிரியோலில் பேசினாலும் பிரெஞ்சில் எழுதினாலும் ‘பிள்ளைகளின் அப்பா’தான். பூங்காவனமும் என்னை அப்படித்தான் சொல்வாள். வக்குவாவிலிருந்து பிளேன் மாக்னியன் வரை இருக்கிற தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. பதினெட்டு வருடம் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்தாளே என்று கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தேன்.

என்ன இருந்தாலும் கணக்குக் கணக்குதான். ஒன்பது சிவப்பு, நீலம் பூச்சியம். முப்பத்திரண்டு மதிப்பெண். ‘இந்த வேலை எனக்கு வேணும்’ என்று அவள் சொன்ன குரல் காதில் கேட்டது. புருஷனின் பெருமை பெண்டாட்டியின் பெருமைதானே? அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியாது. அவள் என்னைப் புகழ்ந்த பதின்மூன்று இடங்களிலும் நீலக் கோடு போட்டேன். ஐம்பத்தெட்டு ஆயிற்று.

மறுநாள் மீதித் தாள்களையும் முடித்து வரிசைப்படுத்தினேன். ஐம்பத்தெட்டு என்றால் ஒன்பதாவது இடம். வேலை எட்டுப் பேருக்கு. மேலே இருக்கும் எட்டுப் பேரில் யாராவது ஒருத்தி இறங்கவேண்டும். தாள் கட்டை மறுபடி புரட்டினேன். அதில்தான் பதினாலாம் எண் இருந்தது. இங்கிலீஷில், எழுபத்தெட்டு மதிப்பெண்ணோடு, இரண்டாவது இடத்தில். முதல் தடவை படித்தபோதே எனக்கு எரிச்சல் வந்த பக்கம். இப்போது எரிச்சலுக்கு ஒரு பயனும் கிடைத்தது. டைப் அடித்த அவசரத்தில் எதையும் கவனித்துப் படித்திராத மார்லெனுக்கு வாசித்துக் காட்டினேன்.

‘நான் அழகி இல்லை. ஆனால் ஒரு அறைக்குள் நான் நுழைந்தால், யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். கரோல் புயலின்போது எங்கள் கூரையின் குறுக்குக் கட்டையில் கயிறு போட்டு, காற்று ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேவாரம் பாடினார். விளக்கு உடனே அணைந்துவிட்டது. அவர் கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அக்கம்பக்கத்தாரிடம் கயிறு பிடித்தவர் தாம் என்று சொன்னார். நான் திருத்தவில்லை. திருவிழாவில் முந்நூறு பேருக்கு ஆகும் சாப்பாட்டை, எந்த அண்டாவில் எவ்வளவு என்று காகிதம் இல்லாமல் சொல்வேன். அதற்கு ஒரு குழு இருக்கிறது. நன்றியுரை சொல்வது அந்தக் குழு. என் கணவரின் ஆபீஸ் கடிதங்களை நகல் எடுக்கும்போது சரி செய்வேன். அவருக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்த கடிதத்தில் அவருடையது கையொப்பம் மட்டும். எனக்குப் பயம் கிடையாது. பல்லியைக் கண்டால் மட்டும் கத்துவேன். அதுவும், வீட்டில் அவருக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான்.’

மார்லென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆயோ, மிஸ்யே துரைசாமி! அந்த ஆளு பாவம்!”

“பாவம்தான்” என்றேன். “வீட்டுல இப்படி ஒருத்தி இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்காது.”

இப்படிப்பட்டவளை ஒரு நிலையத்துக்குத் தலைவியாக்கினால் ஊரில் ஒரு புருஷனும் நிம்மதியாக இருக்கமுடியாது. அத்தோடு, அதை எப்படி நம்புவது? கரோலின்போது எந்த வீட்டில்தான் கயிறு கட்டவில்லை? எங்கள் வீட்டிலும் கட்டினோம். பிடித்தது யார் என்பது எனக்குத் தெரியாதா? நகல் எடுக்கிற மனைவி எனக்கும்தான் இருக்கிறாள். ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டாள். பல்லிக்குப் பொய்யாகக் கத்த யாராலும் முடியாது, அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். பச்சைப் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு பதினோரு இடங்களில் கோடு போட்டு, பதினோரு தடவை ‘மிகை’ என்று எழுதினேன். எழுபத்தெட்டு, ஐம்பத்தாறு ஆயிற்று. முப்பத்தொன்று எட்டாவது இடத்துக்கு ஏறியது. பதினாலு ஒன்பதாவது. அன்றைக்கு பஸ்ஸில் வக்குவாவுக்குத் திரும்பும்போது, ஒரு நல்ல கணவன் என்ற எண்ணத்தோடு திரும்பினேன். மார்க்கெட்டில் இறங்கி, காத்தோ பிமா என்று எங்கள் ஊரில் சொல்கிற பருப்பு வடை ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனேன். பூங்காவனம் எதற்கென்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார்கள். மறுநாள் டாக்டருக்கு விமானம். திங்கள்கிழமை பட்டியல் மேலே போகவேண்டும். டாக்டர் எண்ணைச் சொல்ல, மார்லென் பெயரை வாசித்தாள். முதல் ஏழு பேரும் எனக்குத் தெரியாதவர்கள்.

“முப்பத்தொன்று.”

“பார்வதி. பிளேன் மாக்னியன். புருஷன் பேர் தனராஜ், தபால் ஆபீஸ்.”

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இன்னொரு தடவையும் பார்வதிதான்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, “கிடைக்காதவர்களில் எனக்கு வருத்தம் ஒருவரைப் பற்றித்தான். இந்தப் பதினாலு. யார் அவர்?” என்று கேட்டார்.

மார்லென் விரலை வைத்துத் தேடினாள். விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசித்தாள். “பூங்காவனம் துரைசாமி. வக்குவா.”

டாக்டருக்குத் துரைசாமி என்ற பெயரில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. எங்கள் பெயர்கள் எல்லாமே அவர் காதுக்கு ஒன்றுதான். “பதினோரு மிகைகள். நிச்சயம்தானே, மிஸ்டர் துரைசாமி?” என்றார்.

இலாகாவில் இருபத்துமூன்று வருடம் பழகின வாய், தானாகவே பதில் சொல்லிவிட்டது. “நிச்சயம், சார். எங்கள் தீவுப் பெண்களை எனக்குத் தெரியும்.”

வராந்தாவில் மார்லென் என்னைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“அந்தப் பார்வதியை எனக்கு ஞாபகம் இருக்கு, மிஸ்யே. எழுதும்போது உதட்டை அசைச்சு அசைச்சு எழுதினா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. புருஷன் பள்ளிக்கூடத்துக் கேட்டுலயே நின்னுக்கிட்டிருந்தான். வெளிய வந்ததும், ‘நான் எழுதிக் குடுத்தது எல்லாத்தையும் எழுதினியா, ஒண்ணும் விடலையே?’ன்னு கேட்டான்.”

என்னைக் கலங்க வைத்த அந்தப் பக்கத்தை எழுதியது தனராஜ். தன்னைப் பற்றித் தானே எழுதி, பெண்டாட்டி கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறான். நானும் அதைத்தான் செய்வதாக இருந்தேன். பூங்காவனம் நூலைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்று சொன்னதால் தப்பித்தேன்.

வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கணக்கிடுவது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை ஊருக்கே சொல்லியிருந்தேன்.

“முடிவு தெரிஞ்சுதா?”

“ஒன்பதாவது. ஐம்பத்தாறு.”

“எட்டுப் பேருக்குத்தானே வேலை?” ஒரு காம்பை உருவிப் போட்டாள். “எங்க குறைஞ்சுது?”

“சில இடத்துல… மிகைன்னு போட்டிருக்கு.”

“கரோல் கதையுமா?”

அவள் கீரையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். கழுவிய கையைத் துணியில் துடைக்கும்போது பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்காக ஒரு தழும்பு, வெளிறி, கயிற்றின் தடிமனுக்கு. ஆறு வருடமாக அந்தக் கையால்தான் எனக்குச் சோறு விழுகிறது. அடுப்பில் சுட்டுக்கொண்டது என்று நானாகவே நினைத்திருந்தேன். என் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். பேனா பிடித்த விரலில் மட்டும் ஒரு காய்ப்பு.

“யார் பிடிச்சதுன்னு அந்தக் குமாஸ்தாவுக்குத் தெரியாதாமா?” என்று கேட்டுவிட்டு, சாப்பாடு போட்டாள். குழம்பில் உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவை ‘எனக்கு வேணும்’ என்று கேட்டாள், அதை நான் பென்சிலைச் சீவிக்கொண்டு போய்ப் பறித்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். க்யூர்பிப்பில் மாறி, ரோஸ் பெல் வழியாகப் பிளேன் மாக்னியன். விமான நிலையம் அங்கேதான். வழியெல்லாம் மழை. விமான நிலையத்தில் டாக்டர் கம்பளிக் கோட்டோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்று பக்கங்களும் அவர் காலடியில் இருந்த தோல்பையில் இருந்தன. லண்டனுக்குப் போகிறதாம், அங்கே அதைப் பற்றி ஒரு கட்டுரை வருமாம்.

“சார், பதினாலாம் எண்ணில் பச்சைக் கோடுகள் தவறு.”

“எத்தனை?”

“பதினொன்றும்.”

தேநீரைக் கீழே வைத்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சாட்சி இருக்கிறது.”

“யார்?”

பக்கத்து மேசையில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு போர்ட்டரும் நின்றுகொண்டிருந்தான். “அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான், சார்” என்றேன்.

டாக்டர் தோல்பையைத் திறந்தார். பிறகு பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு பச்சையாகப் படித்துக் காட்டினார். விளக்கு அணைந்ததா? அணைந்தது. அக்கம்பக்கத்தில் மாற்றிச் சொன்னீர்களா? சொன்னேன், ஆறு வருடமாகச் சொல்கிறேன். சமையல் கணக்கு? அவளுடையது. நன்றியுரை? என்னுடையது. பதவி உயர்வுக் கடிதம்? இதற்குக் கொஞ்சம் யோசித்தேன். அந்தக் கடிதத்தில் ‘இருந்தபோதிலும்’ என்று ஒரு இடத்தில் அழகாக வரும். அது நான் எழுதியதில்லை என்று அப்போதே தெரியும், நகலில் தானாக வந்ததாக வைத்துக்கொண்டேன். அதுவும் உண்மை என்றேன். பல்லி?

“அது எனக்கு இன்னும் தெரியாது, சார். தெரியாததை மிகை என்று போட்டது தவறு.”

பதினொன்றையும் ரப்பரால் அழித்தேன். பச்சைப் பென்சில் லேசில் அழிவதில்லை. அப்புறம் முப்பத்தொன்றாம் எண்ணையும் எடுக்கச் சொல்லி, அந்தப் பதின்மூன்று நீலங்களைப் பற்றியும் சொன்னேன். உறையைப் பிரித்தபின், டைப் அடித்த தாளுக்குப் பின்னால் பார்வதி கையால் எழுதிய தாளைக் குத்தி வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு வரியை எழுதி, இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாள். அடித்ததால் மார்லென் அதை டைப் அடிக்கவில்லை. ‘கோயிலில் நான் பாட ஆரம்பித்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுவார்கள்.’

“சார், இதற்கு ஒரு நீலம் போடலாமா?”

“அடித்ததற்கு மதிப்பெண் இல்லை” என்றார் டாக்டர். “முறை அப்படி.”

போட்டாலும் அவள் முப்பத்துநான்குக்கு மேல் போயிருக்கமாட்டாள். இருந்தும் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு, இலாகாவில் கொடுக்கச் சொன்னார். முறையில் குறை எதுவும் இல்லை, கணக்கிட்டவரிடம்தான் குறை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். பிறகு பையைத் துழாவி இன்னொரு தாளை எடுத்தார். என்னுடைய பக்கம். தொண்ணூற்று நான்கு.

“இதிலும் ஒரு கரோல் இருக்கிறதே, மிஸ்டர் துரைசாமி?” என்று கேட்டு, பச்சைப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

விமானத்துக்கு அழைக்கும்வரை கோடு போட்டேன். கடைசியில் எவ்வளவு வந்தது என்பதை இங்கே சொல்லவேண்டிய அவசியமில்லை.

வக்குவாவுக்குத் திரும்ப மாலை ஆகிவிட்டது. பூங்காவனம் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு நனைந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எழுபத்தெட்டு” என்றேன். “ரெண்டாவது இடம். வேலை உனக்குத்தான்.”

அவள் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன். “மிகை எல்லாம் என்னாச்சு?” என்று கேட்டாள்.

“அழிச்சாச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம்.” பார்வதியைப் பற்றியும் அவள் அடித்த வரியைப் பற்றியும் சொன்னேன்.

“பிளேன் மாக்னியனா?” என்று யோசித்தாள். “அங்கயும் ஒரு நிலையம் வருதில்ல? எனக்கு அதையே குடுக்கச் சொல்றேன். நிலையத்துல பாடறதுக்கு ஒரு ஆள் வேணும்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை.

பக்கத்து வீட்டு இவெட் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். “என்ன மிஸ்யே துரைசாமி, உங்க மதாமுக்குக் கிடைச்சிடுச்சாமே?”

“கிடைச்சுது, கிடைச்சுது. எங்களுக்கு லேசில கிடைக்கல, தெரியுமா! டாக்டர் விமானம் ஏறப்போறாரு. நான் இந்த மழையில பிளேன் மாக்னியன் வரைக்கும் ஓடி—”

“ஆயோ! பல்லி!”

உள்ளேயிருந்து, வீடு அதிர. பதினெட்டு வருடமாகக் கேட்கிற அதே சத்தம்.

“போங்க, போங்க” என்று இவெட் சிரித்தாள். “பாவம், பயந்துட்டாங்க.”

கதையை அப்படியே விட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சமையலறைச் சுவரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பல்லி. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, பூங்காவனம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைகூட நிற்கவில்லை.

“அதோ” என்று கத்தியால் காட்டினாள். “விரட்டுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

விரட்டினேன்.